செப்டம்பர் 11 தூசி: சிகிச்சைத் திட்டமா, இழப்பீட்டு நிதியா?

2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது கிளம்பிய தூசியில் சிமென்ட், கண்ணாடித் துகள், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்திருந்தன. அதைச் சுவாசித்து நோயுற்றவர்களுக்கு இரண்டு வழிகள். உலக வர்த்தக மைய சுகாதாரத் திட்டம் பரிசோதனை, மருந்து, சிகிச்சைச் செலவை ஏற்கும். கையில் காசு தராது. அமெரிக்க நீதித் துறையின் இழப்பீட்டு நிதி பணம் தரும்; வைத்தியம் பார்க்காது. உடல் வேதனைக்கென்று புற்றுநோயாளிக்குப் பொதுவாக அதிகபட்சம் 2,50,000 டாலர், மற்ற நோய்களுக்கு 90,000. சம்பள இழப்பு தனிக் கணக்கு.

எல்லையிலும் வித்தியாசம் உண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதிவாசிக்கு நிதியின் வடக்கு எல்லை கெனால் தெரு; திட்டமோ இன்னும் வடக்கே ஹவ்ஸ்டன் தெரு வரை போகும்.

என்னைக் கேட்டால் முதலில் திட்டத்தில் சேருவதே சரி. நோய் அந்தத் தூசியோடு தொடர்புடையது என்று திட்டம் தரும் சான்றைத்தான் பெரும்பாலும் நிதி கேட்கிறது. அப்புறம், சான்று வந்த இரண்டு ஆண்டுக்குள் நிதியில் பதிய வேண்டும்.