பணம் எஸ்க்ரோவில் ஏறாமல் வேலையைத் தொடாதீர்கள்

மூன்று நாளைக்கு முன்பு ஃப்ரீலான்ஸ் தளத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "40 பயிற்சி வீடியோக்களுக்கு சப்டைட்டில் வேண்டும். நீண்ட நாள் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் மட்டும் எழுதுங்கள்." கணக்கு புதியது, பெயரும் வேறு. ஆனால் வாசகம் எழுத்து மாறாமல் அதேதான். எட்டு மாதத்துக்கு முன்பு இந்த இரண்டு வரியை நம்பிப் போய்த்தான் 1,050 டாலர் வேலையைப் பறிகொடுத்தேன். தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அவர்கள் பார்த்து நடவடிக்கை எடுப்பதற்குள் யாராவது மாட்டிக்கொள்வார்களே என்ற பதைப்பில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இந்தத் தொழில் புதிதல்ல. ஏழு வருடமாக சப்டைட்டில் எழுதுகிறேன். பதிவுக் கட்டணம் கேட்பவர், டெலிகிராமுக்கு வா என்பவர், என் கணக்கை மாத வாடகைக்குக் கேட்பவர் என்று எத்தனையோ பேரை முதல் செய்தியிலேயே அடையாளம் கண்டு ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. முதலில் பணம் கொடுத்தார். அதனால்தான் விழுந்தேன்.

ஒவ்வொரு வீடியோவும் ஏறக்குறைய 12 நிமிடம். மொத்தம் 480 நிமிடம், நிமிடத்துக்கு இரண்டரை டாலர் என்று பேசினோம். முதல் மைல்ஸ்டோன், அதாவது தனியாகப் பணம் கட்டும் முதல் பகுதி, ஐந்து வீடியோ, 150 டாலர். அன்றைக்கே எஸ்க்ரோவில், அதாவது வேலை ஏற்கப்படும் வரை தளம் பூட்டி வைத்திருக்கும் கணக்கில், பணத்தை ஏற்றினார். மறுநாள் மாலை கோப்புகளைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் பணத்தை விடுவித்து, "உங்களைப் போல ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்று எழுதினார். அவ்வளவு சீக்கிரம் பணம் விடுவித்த கிளையன்ட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றார். ஒப்பந்தம் தொடங்கிய பிறகு வெளியே பேசுவதில் தப்பில்லையே என்று நானும் போனேன். அங்கே போனதும்தான் மெதுவாகச் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் பணம் ஏற்றினால் எனக்குத் தனியாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். மீதி 35 வீடியோவையும் முடித்துவிடுங்கள். மொத்தமாக ஒரே மைல்ஸ்டோனாக ஏற்றிவிடுகிறேன். ஒப்பந்தம்தான் இருக்கிறதே." பத்து நாளில் வேண்டும் என்றும் சொன்னார்.

ஒப்பந்தம் இருந்தது உண்மைதான். பக்கத்தைத் திறந்தால் பச்சை நிறத்தில் "செயலில் உள்ளது" என்று காட்டும். அதற்குக் கீழே இரண்டாவது மைல்ஸ்டோன் பக்கத்தில் சின்ன எழுத்தில் "பணம் ஏற்றப்படவில்லை" என்று இருந்தது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும், 150 டாலர் வந்த வேகத்தை நினைத்து, கேட்டால் மனம் கோணிவிடுவாரோ என்று கேட்காமல் விட்டேன்.

பத்து நாளில் 420 நிமிடத்தைத் தனியாக முடிக்க முடியாது. இரண்டு பேரை வேலைக்கு எடுத்தேன். எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும் என்று நேரக் குறியீடு போட ஒரு தம்பி, பிழை திருத்த ஒரு பெண். முன்பு ஒரு வேலையில் பழக்கமானவர்கள். அவருக்கு 210 டாலர், அவளுக்கு 105 டாலர். "முடித்ததும் மொத்தமாகத் தந்துவிடுகிறேன்" என்றேன். இந்த வாக்கியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒன்பதாவது நாளே முடித்துவிட்டோம். 35 எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்புகளையும் டிரைவ் இணைப்பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். நான்கு நாள் கழித்து நானே கேட்டபோது, "குழு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார். பிறகு ஒரு நாள், தரம் சரியில்லை, இயந்திரம் மொழிபெயர்த்தது போலிருக்கிறது என்று ஒரு வரி. எந்த இடத்தில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் அவருடைய படம் மறைந்தது, செய்திக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது.

ஆதாரம் எடுக்கலாம் என்று மேலே போய்ப் பார்த்தால் பழைய உரையாடல் ஒன்றுகூட இல்லை. செய்திகள் ஏழு நாளில் தானாக அழியும்படி முதல் நாளே அமைத்திருந்திருக்கிறார். அந்த அறிவிப்பு அன்றைக்கு என் திரையிலும் வந்தது. நான் அதைக் கவனித்துப் படிக்கவில்லை.

தளத்தின் உதவிக் குழுவுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது: எஸ்க்ரோவில் பணம் இல்லாத மைல்ஸ்டோனுக்கு டிஸ்ப்யூட் (பணத் தகராறு வழக்கு) தொடங்க வழியில்லை. வேலையைத் தளத்தின் வழியாகச் சமர்ப்பித்த பதிவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது விதிப்படி சரி. பூட்டிய பெட்டிக்குள் பணம் இருந்தால்தானே யாருக்கு என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியும்?

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பழைய ஆட்கள்கூட இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். அப்வொர்க், ஃபைவர் என்ற இரண்டு பெரிய ஃப்ரீலான்ஸ் தளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்வொர்க்கில் நிலையான தொகைக்கு ஒப்பந்தம் போட்டால், பாதுகாப்பு ஒப்பந்தம் முழுவதற்கும் கிடையாது. பணம் ஏற்றப்பட்டிருக்கும் மைல்ஸ்டோனுக்கு மட்டும்தான். அந்த மைல்ஸ்டோனுக்கான வேலையைத் தளத்தில் உள்ள பொத்தானை அழுத்திச் சமர்ப்பித்தால், கிளையன்ட்டுக்கு 14 நாள் அவகாசம். ஏற்கவும் இல்லை, திருத்தமும் கேட்கவில்லை என்றால் பணம் தானாக நமக்கு விடுவிக்கப்படும். ஃபைவரில் ஆர்டர் போடும்போதே வாங்குபவர் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். டெலிவரி கொடுத்து மூன்று நாள் அவர் வாய் திறக்காவிட்டால் ஆர்டர் தானாக முடிந்ததாகிவிடும். இரண்டு இடத்திலும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது நாம் தளத்துக்குள் சமர்ப்பிக்கும்போதுதான். டிரைவ் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தக் கடிகாரமும் ஓடாது. கிளையன்ட் வேறு எங்கே கேட்டாலும் கொடுங்கள், ஆனால் முதலில் தளத்தில் சமர்ப்பித்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

வேலையின் அளவு போகப் போக மாறும் என்று தெரிந்தால் மணிக்கணக்கு ஒப்பந்தமே மேல். அப்வொர்க்கின் நேரம் பதியும் செயலி ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். யாரோ தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும், எனக்கும் பிடிக்காது. ஆனால் அப்படிப் பதிவான நேரத்துக்குத்தான் பணப் பாதுகாப்பு. நாமே கையால் எழுதிச் சேர்க்கும் நேரத்துக்கு அது கிடையாது.

கமிஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்வொர்க் 2023 மே முதல் எல்லோரிடமும் 10 சதவீதம் என்று வைத்திருந்தது. 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை என்று மாற்றியது. ஃபைவர் 20 சதவீதம் எடுக்கிறது. ராத்திரி கண்விழித்துச் செய்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு போவது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைத் தெரிந்தவர்கள்தான் "வெளியே வா, இரண்டு பேருக்கும் லாபம்" என்று கூப்பிடுகிறார்கள். நாம் கொடுக்கும் கமிஷனில் அந்தப் பூட்டிய பெட்டிக்கான கூலியும் சேர்ந்திருக்கிறது. நான் கமிஷனையும் கொடுத்துவிட்டு, பெட்டியையும் பயன்படுத்தாமல் விட்டேன்.

விண்ணப்பிக்கும் முன்பே என்னைத் தடுத்திருக்க வேண்டிய விஷயங்கள் அந்த ஆளின் ப்ரொஃபைலில் இருந்தன. "பேமென்ட் வெரிஃபைட்" என்ற குறியைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன். அதற்கு அர்த்தம் ஒரு கார்டோ வங்கிக் கணக்கோ சேர்த்திருக்கிறார் என்பது மட்டுமே. 12 பேரை வேலைக்கு எடுத்திருந்தார், மொத்தச் செலவோ 700 டாலரைத் தொடவில்லை. நாற்பது வீடியோ, நீண்ட நாள் வேலை என்று பேசுகிற ஆளுக்கு இந்தக் கணக்கு உதைக்க வேண்டாமா? இரண்டே ரிவ்யூ, இரண்டும் நல்லதாக. மீதி ஒப்பந்தங்கள் எல்லாம் மூடப்படாமல் திறந்தே கிடந்தன.

ஏன் திறந்தே விட்டார் என்பது இப்போது புரிகிறது. பொதுவாக ஒப்பந்தத்தை மூடும்போதுதான் ரிவ்யூ எழுதுவார்கள். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர், மூடினால் அவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவார் என்று பயந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். நானும் இரண்டு மாதம் அதே பயத்தில் இருந்தேன். அப்வொர்க் போன்ற இடங்களில் ஒப்பந்தத்தை நாமே மூடலாம். இருவரும் எழுதி முடிக்கும் வரையோ 14 நாள் ஆகும் வரையோ ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. நாம் எழுதியதைப் படித்துவிட்டுப் பழிவாங்க அவருக்கு வழியில்லை. எனக்கு முன்னால் ஏமாந்தவர்களில் ஒருவர் மூடி நாலு வரி எழுதியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. கடைசியில் நான் மூடினேன், நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் பதிலுக்கு எதுவும் எழுதவில்லை.

நான்கு மாதம் கழித்து அந்த வீடியோக்கள் ஒரு பயிற்சித் தளத்தில் விற்பனைக்கு வந்தன. சப்டைட்டில் என்னுடையதுதான் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. திரையில் உள்ள கருவிகளுக்கு நான் தேடித் தேடிப் போட்ட சொற்கள், வரியை நான் உடைக்கிற இடம், எல்லாம் அப்படியே இருந்தன. இயந்திரம் எழுதியது போலிருக்கிறது என்று சொன்ன அதே கோப்புகள். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

ஆனால் அழுது முடித்ததும் ஒரு வழி தெரிந்தது. என் ஒப்பந்தத்தில், முழுப் பணமும் கொடுத்த பிறகே வேலையின் உரிமை கிளையன்ட்டுக்குப் போகும் என்ற விதி இருந்தது. அப்வொர்க்கின் பொது ஒப்பந்த விதிகளிலும் இதே நிலைதான். பணம் தராததால் அந்த எழுத்து இன்னும் என்னுடையது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம் வந்ததிலிருந்து, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் பதிப்புரிமைப் புகார்களை வாங்கத் தனி முகவரி வைத்திருக்கின்றன. வீடியோக்களை வைத்திருந்த நிறுவனத்துக்கு ஒப்பந்த நகல், கோப்புகள் உருவான தேதி, ஒப்பீட்டு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். சில நாளில் 35 வீடியோவிலிருந்தும் சப்டைட்டில் எடுக்கப்பட்டது. பணம் வரவில்லை. இனி வரும் என்ற எண்ணமும் இல்லை. என் எழுத்தை வைத்து அவர் சம்பாதிப்பதாவது நின்றது.

இதற்கிடையில் இன்னொரு ஆள் வந்தார். ஏமாந்த கதையை ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் 80 டாலர்" என்று தனிச் செய்தி அனுப்பினார். ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டாவது முறை ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இவர்கள். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் இது தேவவாக்கு மாதிரி கேட்கும். கட்டிவிடாதீர்கள்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "முடித்ததும் மொத்தமாகத் தந்துவிடுகிறேன்." அந்த ஆள் என்னிடம் சொன்னதும் இதுதான், நான் அந்த இரண்டு பேரிடம் சொன்னதும் இதுதான். என் எண்ணம் நல்லதுதான். ஆனால் அவர்கள் கையில் என்ன இருந்தது? என் வாய்வார்த்தை மட்டும். வேலை கொடுப்பவராக இருந்தபோது, எனக்கு நடந்த அதே அநியாயத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். கிளையன்ட் தரவில்லை என்பது அவர்களுக்குக் காரணமே ஆகாது. அவர்களை வேலைக்கு எடுத்தது நான். தம்பிக்கு உடனே பாதியும் அடுத்த மாதம் மீதியும் கொடுத்தேன். அவளுக்கு மூன்று தவணை. கடைசித் தவணையை அனுப்பியபோது, "பரவாயில்லை அக்கா, மெதுவாகக் கொடுத்திருக்கலாம்" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து யாரை வேலைக்கு எடுத்தாலும் தளத்தின் வழியாகவே எடுக்கிறேன். வேலையைச் சின்னச் சின்ன மைல்ஸ்டோனாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பணத்தை ஏற்றிய பிறகே கோப்பை அனுப்புகிறேன். தெரியாத ஆளாக இருந்தால் ஐந்து நிமிட வீடியோ ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பேன், அதற்கும் கூலி உண்டு. இலவச மாதிரி கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. முப்பது பேரிடம் ஆளுக்கொரு இலவச மாதிரி வாங்கி, அதை ஒட்டியே முழு வேலையையும் முடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு அவசர வேலை வந்தது. பிழை திருத்த அவளையே கூப்பிட்டேன். விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அக்கா, பணம் ஏத்தியாச்சா?" என்றாள். ஏற்றிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டுத்தான் கோப்பைத் திறந்தாள்.