'மை', 'மைன்': உடைமைப் பிரதிபெயர்களைக் கற்க மூன்று வழிகள்

மட்டக்களப்பில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களுள் ஒன்று, 'மை' என்பதற்கும் 'மைன்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடாகும். இரண்டுமே உடைமையைத்தான் குறிக்கின்றன. ஆனால் 'மை புக்' என்று சொல்லலாமே தவிர 'மைன் புக்' என்று சொல்ல முடியாது. 'திஸ் புக் இஸ் மைன்' என்று சொல்லலாமே தவிர 'திஸ் புக் இஸ் மை' என்று நிறுத்திவிட முடியாது. கல்லடியில் மாலை வகுப்பு எடுத்துவரும் நான் இதைக் கற்பிப்பதற்கு மூன்று வழிகளை மாறி மாறிக் கையாண்டிருக்கிறேன். வாய்ப்பாடாக மனனம் செய்விப்பது ஒன்று; தமிழிலக்கணத்தின் துணையோடு விளக்குவது இன்னொன்று; பொருள்களைக் கையில் கொடுத்துப் பேசவைப்பது மற்றொன்று. எந்த வழி யாருக்குப் பயன்படுகிறது, எது எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை என் அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

வாய்ப்பாட்டு வழி எளியது. கொப்பியின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் மை, யுவர், ஹிஸ், ஹேர், அவர், தெயர் என்றும், வலப்பக்கம் மைன், யுவர்ஸ், ஹிஸ், ஹேர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் என்றும் எழுதினால், ஒரே மாலையில் பிள்ளைகள் அதை ஒப்புவித்துவிடுவார்கள். 'மைன்' மட்டும் 'ஸ்' ஏற்காமல் தனித்து நிற்பதையும், 'ஹிஸ்' இரண்டு பக்கமும் மாறாமல் இருப்பதையும் கண்ணால் பார்த்துப் பதித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒப்புவித்த பிள்ளையே அடுத்த நிமிடம் 'திஸ் பென் இஸ் மை' என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எப்போது எந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும் என்பதை வாய்ப்பாடு அதற்குச் சொல்லவில்லை.

தமிழ்வழி விளக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நம் பகுதிப் பேச்சில் 'இது என்ட புத்தகம்' என்கிறோம். 'இந்தப் புத்தகம் என்ட' என்றும் சொல்கிறோம். 'என்ட' என்ற ஒரே சொல் இரண்டு இடத்துக்கும் போதுமானதாக இருப்பதால், ஆங்கிலம் ஏன் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது என்பது பேச்சுத்தமிழில் மட்டும் சிந்திக்கும் பிள்ளைக்குப் புரிவதில்லை. எழுத்துத்தமிழுக்கு வந்தால் 'என்னுடைய புத்தகம்', 'இந்தப் புத்தகம் என்னுடையது' என்று இரண்டு வடிவங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 'என்னுடைய' என்பது 'மை', 'என்னுடையது' என்பது 'மைன்' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவுடன், அதுவரை விழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மகிழ்ச்சியில் நான் ஒரு தவறும் செய்தேன். 'து' என்று முடிந்தால் 'மைன்' போடுங்கள் என்று சில காலம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி 'எனது வீடு' என்பதை 'மைன் ஹவுஸ்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். நான் சொன்ன விதியை அவள் பிசகாமல் பின்பற்றியிருந்தாள். விதிதான் பிழையாக இருந்தது. 'எனது', 'உனது', 'அவரது' ஆகியவற்றில் இருக்கும் 'அது' ஆறாம் வேற்றுமை உருபு. நன்னூல் அதனை ஒருமைக்குரிய உருபாகவும், 'அ' என்பதைப் பன்மைக்குரிய உருபாகவும் கூறுகிறது. அதன்படி 'எனது கை', 'என கைகள்' என்று வரும். இந்த 'அது' பெயர்ச்சொல்லின் முன் நிற்பது. 'என்னுடையது' என்பதிலுள்ள 'அது'வோ பொருளின் பெயருக்குப் பதிலாகவே நிற்பது. ஆகையால் சொல்லின் ஈற்றைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வருகிறதா என்று பார்க்கும்படி இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். வந்தால் 'மை', வராவிட்டால் 'மைன்'. தேவாலயத்தில் பழைய ஆங்கில வேதாகமத்தை வாசித்துப் பழகிய ஒரு மாணவர், 1611ஆம் ஆண்டின் அந்த மொழிபெயர்ப்பில் 'மைன் ஐஸ்' என்று வருவதைக் காட்டிக் கேள்வி எழுப்பினார். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'மைன்' வருவது அக்கால வழக்கு. இன்றைய ஆங்கிலத்தில் அது இல்லை.

தமிழ்வழி கைவிடும் இடங்கள் இன்னும் உண்டு. தமிழில் 'இவை என்னுடையவை' என்று பன்மைக்கு வடிவம் மாறுவதால், பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'மைன்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் ஒன்றாயினும் நூறாயினும் 'மைன்' மாறாது. 'இந்தத் தோணி என்னுடையது' என்ற வாக்கியத்துக்குத் தமிழில் வினைச்சொல் தேவையில்லை என்பதால், ஆங்கிலத்தில் 'இஸ்' விடுபட்டுப்போகிறது. இவற்றைவிடக் கடினமானது மரியாதைப் பன்மை. தாத்தாவைப் பற்றிப் பேசும்போது 'அவங்கட சைக்கிள்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ஒரே ஒருவரைக் குறித்து 'தெயர்' என்று எழுதுகிறது. தன்னைப் பெற்ற தாயை 'எங்கட அம்மா' என்று சொல்லும் வழக்கத்தால், 'மை மதர்' வரவேண்டிய இடத்தில் 'அவர் மதர்' வந்து நிற்கிறது. அந்த ஆங்கில 'அவர்' நம் காதுக்குத் தமிழ் 'அவர்' போலவே கேட்பதால் சிறுபிள்ளைகளின் குழப்பம் இரட்டிக்கிறது. 'மாலா தன் பையை எடுத்தாள்', 'குமார் தன் பையை எடுத்தான்' என்ற இரண்டிலும் 'தன்' ஒன்றே. ஆங்கிலத்தில் முதலாவது 'ஹேர்', இரண்டாவது 'ஹிஸ்'. உடையவர் ஆணா பெண்ணா என்பதைத் தமிழ் இந்த இடத்தில் நம்மிடம் கேட்பதே இல்லை. ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

மூன்றாவது வழி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்குகிறது. எல்லோரும் தத்தம் பேனை, குடை, தண்ணீர்ப் போத்தல், கொப்பி ஆகியவற்றைப் பாயில் குவித்துவைப்பார்கள். நான் ஒன்றை எடுத்து 'ஹூஸ் இஸ் திஸ்?' என்று கேட்பேன். பதில் சொல்பவர் உடையவரைப் பார்த்து 'இட் இஸ் ஹேர்ஸ்' அல்லது 'இட் இஸ் ஹிஸ்' என்று சொல்லவேண்டும். உடையவரின் முகம் கண்முன் இருப்பதால் ஆண், பெண் வேறுபாட்டில் பிழை விரைவாகக் குறைகிறது. பொருள் கையிலேயே இருப்பதால் அதன் பெயரை மறுபடி சொல்லத் தேவையில்லை என்பதும் விளக்கமில்லாமலே புரிந்துவிடுகிறது. 'மைன்' போன்ற சொற்களின் வேலையே அதுதான். ஆயினும் நாற்பது பிள்ளைகள் இருக்கும் பாடசாலை வகுப்பில் இதை ஒரு பாடவேளைக்குள் நடத்திமுடிப்பது கடினம். வேலை தேடும் வயதில் படிக்க வருகிறவர்கள் முதல் நாளில் கூச்சப்படுகிறார்கள். எழுத்தில் வரும் பிழைகளுக்கும் இது உதவாது. உடைமையைக் குறிக்கும் 'இட்ஸ்' என்பதற்கு மேற்குறி (அப்பொஸ்ட்ரஃபி) இல்லை. 'இட் இஸ்' என்பதன் சுருக்கமான 'இட்ஸ்' என்பதற்கு மேற்குறி உண்டு. வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால், இதை எழுதி எழுதித்தான் பழகவேண்டும். 'ஹேர்ஸ்', 'யுவர்ஸ்', 'தெயர்ஸ்' ஆகியவற்றுக்கும் மேற்குறி கிடையாது என்பதைச் சேர்த்துக் கற்பிக்க வாய்ப்பாடே ஏற்ற இடம்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருள் வழியையே முதலில் வைப்பேன். இலக்கணச் சொல் ஒன்றும் அவர்களுக்கு வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் வளர்ந்தவர்களுக்கும் தமிழ்வழியில் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஏற்கெனவே தமிழில் தெரிந்துவைத்திருக்கும் வேறுபாட்டை அவர்கள் ஆங்கிலத்தில் அடையாளம் காண்கிறார்கள். அதன்பின் ஒரு வாரமேனும் பொருள்களை வைத்துப் பேசாவிட்டால் 'ஹிஸ்', 'ஹேர்' குழப்பம் தீருவதில்லை. வாய்ப்பாட்டை இரு சாராருக்கும் கடைசியில்தான் கொடுக்கிறேன், தாங்கள் பயன்படுத்திப் பார்த்த சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்காக.

'என் நண்பர் ஒருவர்' என்பதைப் பலர் 'மை வன் ஃபிரென்ட்' என்று சொல்கிறார்கள். ஆங்கிலேயர் சொல்வது 'எ ஃபிரென்ட் ஒவ் மைன்'. வாய்ப்பாட்டில் இது இல்லை. நேரே மொழிபெயர்த்தாலும் வராது. பாயில் குவித்த பொருள்களிடையே இதற்குச் சந்தர்ப்பம் அமைவதும் அரிது. ஆனால் பின்னால் பெயர்ச்சொல் நிற்கிறதா என்று பார்க்கப் பழகிய மாணவர்கள், இந்தத் தொடரை முதன்முறை கேட்டபோதே அங்கு 'மை' ஏன் வரவில்லை என்பதைத் தாங்களே சொன்னார்கள்.