பிள்ளைகளுக்கான சரித்திர வீடியோக்கள்: டெல்டா வீடுகளில் எதைப் போடலாம், எதை நிறுத்தலாம்

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு வீடியோ சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. எடுத்தவர் ஒரு காலை வேளையில் தஞ்சாவூர் வந்து கோயிலின் மேற்குப் பக்கம் நின்று பார்க்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. காலையில் நிழல் மேற்கே நீள்கிறது, மாலையில் கிழக்கே. கோடை நாட்களின் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்பதால் நிழல் விமானத்தின் அடுக்குகளிலேயே அடங்கிவிடும்; கட்டுக்கதை பிறந்தது அங்கேதான். மார்கழியில் நண்பகலிலும் வடக்குப் பக்கத் தரையில் நிழல் கிடக்கும்.

சரித்திர வீடியோ என்ற பெயரில் இன்று வீட்டுக்குள் வருபவை பல தினுசு. பள்ளிக் கல்வித் துறை தரும் பாட வீடியோக்கள், கார்ட்டூன் ராஜா கதைகள், ட்ரோன் காட்சிக்குப் பின்னணி இசை போட்டவை, செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களை ஒட்டித் தைத்த ஒரு நிமிட ஷார்ட்ஸ், அறிஞர்களின் நீண்ட உரைகள். எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி போதும்: ‘இது எப்படித் தெரியும்?’ கல்வெட்டா, செப்பேடா, காசா, அகழாய்வுக் குழியா, பழைய பாட்டா, யாரோ சொன்னதா? பத்து நிமிட வீடியோவில் இரண்டு முறையாவது இதற்குப் பதில் வர வேண்டும். வராவிட்டால் அது கதை. கதையும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், ஆனால் அதைச் சரித்திரக் கணக்கில் எழுத வேண்டாம்.

பெரிய கோயிலைப் பற்றிய வீடியோக்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பிழையும் அங்கேதான் அதிகம். நல்ல வீடியோ எது என்று பார்க்க முதலில் நந்தியைக் கவனிக்க வேண்டும். இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பாண்டியர் காலம், முருகன் கோயில் நாயக்கர் காலம். ராஜராஜன் குதிரையில் வந்து அந்த நந்திக்கு முன் இறங்குவதாகக் காட்டினால், படம் வரைந்தவருக்குக் கோயில் முடிந்த 1010க்கும் அதற்கு 500 ஆண்டுக்குப் பின் வந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பொருள். அடுத்தது உச்சிக் கல். 80 டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பது எல்லோரும் சொல்வது. சிகரம் பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்பதை நேரில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் வீடியோவுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

உண்மையில் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்க வேண்டியது சுவர்களில் உள்ள எழுத்தைக் காட்டும் வீடியோவுக்கு. ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது அங்கே எழுதியிருக்கிறது; 1010 என்ற ஆண்டு நமக்குக் கிடைப்பது இந்தக் கணக்கில்தான். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று தன் பெயரோடு தமக்கை குந்தவையையும் மற்றவர்களையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னதும் அங்கேதான். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பட்டியலில், எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக வருகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். மரக்கால், கலம் என்றால் என்ன என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும் ஊர் இது. ராஜாவின் வாளைவிட இந்தப் பட்டியல் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும். இதை விட்டுவிட்டு ‘ஆயிரம் யானைகள் கல் இழுத்தன’ என்று மட்டும் சொல்லும் வீடியோ, பந்தியில் உட்கார வைத்துவிட்டு அப்பளத்தை மட்டும் போட்டு எழுப்புவது போல.

நேரில் போவதைவிட வீடியோவே உதவும் இடம் ஒன்றும் இந்தக் கோயிலில் உண்டு. கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் உள்ள சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிச்சத்துக்கு வந்தவை. மேலே நாயக்கர் கால ஓவியப் படலம், அடியில் சோழர் படலம். பொதுமக்கள் உள்ளே போக முடியாது. மேல்தளத்தில் நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களும் அப்படியே: 108க்கு இடம் விட்டு 81 மட்டும் செதுக்கி முடித்தவை. மற்றவை ஏன் வெறும் கல்லாக நின்றன என்று பிள்ளை கேட்டால் யூகிக்க விடலாம். இந்தப் பகுதிகளைத் தெளிவான படங்களோடு, அது எந்தச் சுவர் என்று சொல்லிக் காட்டும் வீடியோ கிடைத்தால் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

கல்லணை வீடியோக்கள் பெரும்பாலும் ஏமாற்றம். கரிகாலன் சிலை, ஷட்டர், தண்ணீர் பாயும் சத்தம், முடிந்தது. மதகுகளும் மேலே போகும் பாலமும் ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்தவை. பழைய கல்லணை அடியில் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே பாம்பு போல வளைந்து போட்ட முரட்டுக் கல் கட்டு, நீளம் ஏறக்குறைய 1080 அடி, அகலம் 40 முதல் 60 அடி. அதை ஏன் கட்ட வேண்டியிருந்தது என்று படம் போட்டுச் சொல்வதே நல்ல வீடியோவுக்கு அடையாளம்: கொள்ளிடம் காவிரியைவிடப் பள்ளம், கடலுக்குப் போகும் வழியும் குறுக்கு. விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடிவிடும், தஞ்சாவூர் வயல் காயும். இதைச் சொல்ல ஒரு வரைபடமும் அம்புக்குறியும் போதும். அதோடு 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது, 1934இல் மேட்டூர் அணை வந்தது, அதே காலத்தில் கல்லணைக் கால்வாய், அதாவது நம் புது ஆறு வெட்டியது என்ற வரிசையும் வந்தால், மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 என்ற தேதிக்கு ஊரில் ஏன் இவ்வளவு மரியாதை என்பது பிள்ளைக்குத் தானே புரியும். சங்க காலக் கரிகாலனையும் ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்த விஜயாலயனையும் அப்பா, மகன் போல அடுத்தடுத்து வைக்கும் வீடியோவும் உண்டு. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. காலக்கோடு காட்டாத வீடியோவில் இது அடிக்கடி நடக்கும்.

கடாரம். 1025இல் ராஜேந்திரன் அனுப்பிய படை தாக்கிய ஊர்களின் பெயர், கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் இருக்கிறது: ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று 13 பெயர்கள். இவற்றை வரைபடத்தில் புள்ளியாக வைப்பது சரி. மாநக்கவாரம் நிக்கோபார், கடாரம் மலேசியாவின் கெடா என்று பொருத்திப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டே. தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் புலிக்கொடி நிறம் அடித்து ‘சோழர் ஆட்சி’ என்று எழுதுவது தவறு. அது படையெடுப்பு, அங்கே நெடுங்காலம் நின்று ஆண்டதற்கு ஆதாரம் இல்லை. அதே ஸ்ரீவிசயத்தின் முந்தைய அரசர் ஒருவரின் பெயரால் இதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்தது, ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுத்தான், அதைச் சொல்லும் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லும் வீடியோ அரிது. நட்பும் சண்டையும் ஒரே துறைமுகத்தில் நடந்ததைக் காட்டாமல் வெற்றி முழக்கம் மட்டும் போட்டால் பாதிச் சரித்திரம்தான்.

குடவோலை பற்றி ஒரு சோதனை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921. ‘உலகின் முதல் தேர்தல், எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்’ என்று வந்தால் நிறுத்துங்கள். அது பிராமண ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது என்று தகுதி உண்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓட்டு எண்ணவில்லை, குலுக்கல் போட்டார்கள். ஏழாம் வகுப்புப் பாடத்தில் சோழர் வருவதால் இது தேர்விலும் கைகொடுக்கும்.

ஷார்ட்ஸில் வரும் செயற்கைப் படங்களைப் பிடிப்பது எளிது. பிள்ளைகளே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். சோழர் சமையலறையில் மிளகாய் காய்ந்தால், தக்காளி, உருளைக்கிழங்கு கிடந்தால் அது பொய். இவை அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், போர்த்துகீசியருக்குப் பிறகுதான் வந்தன. தோட்டத்தில் பப்பாளி, கொய்யா, முந்திரி நின்றாலும் அதே கதை. தஞ்சைக் கோயிலில் விமானம் சிறுத்து வாசல் கோபுரம் வானளாவி, வர்ணச் சுதைப் பொம்மைகளோடு நின்றால் அது பின்னாளைய கோபுரங்களைப் பார்த்து இயந்திரம் போட்ட கலவை. கல்வெட்டு என்று காட்டுவதில் எழுத்து எதுவுமே படிக்க முடியாத கிறுக்கலாக இருக்கும். இயந்திரக் குரலும் அப்படித்தான்: ‘சோழர்’ ‘சோலர்’ ஆகும். தமிழ் ழகரத்தைக் கெடுத்துக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குச் சோதனை இன்னும் சுலபம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியில் புறப்பட்ட யாத்திரை அது. 30ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். படத்தில் காந்தி கைத்தடியோடு நடந்தால் அது தண்டி, வேதாரண்யம் இல்லை. தரங்கம்பாடி வீடியோக்களில் 1620இல் டேனியர் ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தம், 1706இல் பாதிரியார் சீகன்பால்கு வந்தது இரண்டும் சரியாகவே வருகின்றன. ‘தமிழ் முதலில் அச்சேறியது இங்கே’ என்பதுதான் தப்பு. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகிவிட்டது.

அரசு தரும் இலவச வீடியோக்களில் கல்வி தொலைக்காட்சியும் மணற்கேணி செயலியும் பாடத்தை ஒட்டிப் போகின்றன. பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை தீக்ஷா செயலியில் காட்டினாலும் பாட வீடியோ திறக்கும். தேர்வுக்கு முந்தைய மாதம் இவை போதும், பெயரும் ஆண்டும் பாடநூலோடு ஒத்துப்போகும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. பிள்ளை தூங்கிவிடும், இல்லை அடுத்த வீடியோவுக்குத் தட்டிவிடும்.

வயது விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். எட்டு வயதுக்குள் என்றால் ஏழு நிமிடத்துக்கு மேல் போகாத, ஒரே இடம், ஒரே பொருள் பற்றியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பதினைந்து நிமிடம், வரைபடமும் காலக்கோடும் இருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றிய வீடியோக்கள் பதின்மூன்று வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்க மட்டும். மறைக்கக் கூடாத சரித்திரம் அது. நெற்களஞ்சியம் என்று பெருமை பேசும் வீடியோக்கள் வயலில் இறங்கியவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் காட்சிகளைப் பெரியவர் முதலில் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளையின் கையில் போன் இருந்தால் யூடியூப் கிட்ஸில் பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும் அமைப்பை வைத்துவிடுங்கள், தேடல் மூடிக்கொள்ளும். சாதாரண யூடியூபில் ஆட்டோபிளேயை அணைக்காவிட்டால் கல்லணையில் தொடங்கியது மூன்றாவது வீடியோவில் புதையல், பேய் பங்களா என்று போய் நிற்கும். கல்வெட்டு எழுத்து தெரிய வேண்டிய வீடியோவை 720இல் பாருங்கள். பேச்சு மட்டும் உள்ளதற்கு 360 போதும், டேட்டா மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும் ஊர்களில் முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்லது. வேகமாகப் பேசும் உரைகளுக்கு 0.75 வேகம்.

பார்க்கும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, திரையில் உள்ளது எந்த ஊர், எந்தச் சுவர் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வாரமே போக முடிந்த இடத்தின் வீடியோவை முதலில் போடுவது எங்கள் பரிந்துரை: தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெரிய கோயில், அடுத்து அரண்மனைக் கலைக்கூடமும் சரஸ்வதி மகாலும், கும்பகோணத்தார்க்குத் தாராசுரம், பிறகு கங்கைகொண்ட சோழபுரம், மயிலாடுதுறைப் பக்கம் பூம்புகாரும் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையும். பூம்புகார் வீடியோவில் கடலடியில் பத்தாயிரம் ஆண்டு நகரம் என்று தலைப்பு இருந்தால் தள்ளிவிட்டு, கீழையூரில் 1960களில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையைக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். அதில் கிடைத்த மரத்தூணைக் கரிமக் கணக்கில் பார்த்தபோது கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று வந்தது.