ஒரு பழைய ஓட்டையும் என் ஃபயர்வாலும்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் ஐந்து நாள் ஒரு வைஃபை அட்டையோடு மல்லுக்கட்டியதில் போயிற்று. மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; எல்லாம் நன்றாகவே நடந்தன.

நான் இருக்கும் நாட்டில் என் வீட்டு இணையம் உள்ளங்கை அகலக் கணினி ஒன்றுக்குள் ஓடுகிறது. நான்கு லேன் துளைகள், மின்விசிறி கிடையாது. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளாலான கணினிகளை, ஓட்டும் லினக்ஸ் மென்பொருள் புரோக்ஸ்மாக்ஸ்; அதன் மேல் அப்படியோர் இயந்திரமாக பிஎஃப்சென்ஸ், போகிற வருகிற இணையத்தைக் காவல் காக்கும் ஃபயர்வால். மூன்று ஆண்டாக ஒரு முனகல் இல்லை. அதே போன்ற பெட்டி ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சுருட்டி ஊருக்கும் எடுத்துப்போனேன். அப்பா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

ஊர் வீட்டில் இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்றுதான். ஃபைபரை வாங்குவது, பங்கிடுவது, வைஃபை வீசுவது எல்லாம் அதன் வேலை. முன்னறையில் அப்பாவின் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. நிர்வாகக் கடவுச்சொல் அதன் முதுகில் அச்சடித்தபடியே இருக்கிறது. பார்த்ததும் முகம் சுளித்தேன். "அது பாட்டுக்கு ஓடுகிறது, விடு" என்றார் அப்பா. விட்டிருக்கலாம்.

என் பெட்டியைப் பின்னறை அலமாரியில் வைப்பதாகத் திட்டம். முன்னறையிலிருந்து அங்கே கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்க வேண்டும். சுவரில் கை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். வெளிநாட்டு வீட்டில் அறைக்கு அறை கேபிள் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அந்தச் சொகுசில் மூளையும் சோம்பிவிட்டது போலும். பெட்டியில்தான் வைஃபை அட்டை இருக்கிறதே, முன்னறைப் பெட்டியோடு காற்றிலேயே இணைத்து, அந்த இணைப்பை பிரிட்ஜில் (புரோக்ஸ்மாக்ஸுக்குள் ஸ்விட்ச் போல வேலை செய்யும் பாலம்) சேர்த்து ஃபயர்வாலுக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கட்டளையைத் தட்டினேன். 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. எழுத்துப்பிழையோ என்று நான்கு முறை தட்டினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையே வேறு போட்டுப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டிய பிறகுதான், எப்போதோ படித்து மறந்தது நினைவுக்கு வந்தது. கம்பியில் கருவிகளை இணைக்கும் ஸ்விட்ச், யாருடைய மேக் முகவரியோடு (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) பாக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், வந்தாலும் வாங்கிக்கொள்ளும். வைஃபை அப்படியில்லை. தன்னிடம் பதிவு செய்த முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். வாசலில் பெயர் எழுதியவருக்குத்தான் உள்ளே இடம். மெய்நிகர் இயந்திரத்துக்கோ சொந்தமாக ஒரு மேக் முகவரி இருக்கிறது. அட்டை அனுப்பும் சாதாரண வைஃபை சட்டகத்தில் (பாக்கெட்டைச் சுமக்கும் உறை) அந்த இன்னொரு முகவரியை எழுத இடமே கிடையாது. நான்கு முகவரி முறை என்று ஒன்று உண்டு. அதற்கு இரண்டு முனையும் ஒத்துழைக்க வேண்டும். முன்னறைப் பெட்டியில் அப்படி ஒரு வசதி எந்தப் பக்கத்திலும் இல்லை. லினக்ஸ் என்னை நேரடியாகவே தடுத்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

மறுநாள் அட்டையை அப்படியே ஃபயர்வால் இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டேன். பிஎஃப்சென்ஸின் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அதில் வைஃபை இயக்கிகள் லினக்ஸுக்குப் பல ஆண்டு பின்னால் நடந்து வருபவை. அட்டை தெரிந்தது, இணைந்தது, 54 மெகாபிட் காலத்து வேகத்தில் தவழ்ந்தது. மூன்றாம் நாள், புரோக்ஸ்மாக்ஸே வைஃபையில் இணைந்து, ஃபயர்வாலின் பாக்கெட்டுகளைத் தன் முகவரியில் அனுப்பும் முகவரி மாற்றம் செய்து கொடுக்கட்டும் என்று விட்டேன். இது ஓடியது. பாக்கெட் ஒன்று வெளியே போக என் புரோக்ஸ்மாக்ஸ், என் ஃபயர்வால், முன்னறைப் பெட்டி, அதற்கு மேல் நிறுவனத்தின் பொது முகவரி மாற்றம் என்று நான்கு முறை சட்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இருந்தாலும் இரண்டு நாள் ஒரு புகாரும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் என் வேலையைப் பற்றி நானே பெருமையாகப் பேசினேன்.

ஐந்தாம் நாள் பதிவேட்டைத் திறந்தேன். என் ஃபயர்வால் வழியாகப் போனது ஒரே ஒரு கருவி. என் மடிக்கணினி. வீட்டாருக்குச் சிரமம் வேண்டாமென்று பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் என் அக்சஸ் பாயிண்டுக்கும் (பின்னறையில் என் ஃபயர்வாலோடு சேர்ந்து வைஃபை வீசும் கருவி) வைத்திருந்தேன். எல்லார் கைப்பேசியும் பலமான சிக்னல் தந்த முன்னறைப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்தன. புகார் வராததற்கு அதுதான் காரணம்.

வேறு வழியில்லாமல் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வெளிநாட்டில் இதற்கு ஒரு சடங்கு உண்டு: முக்கால் மணி நேரம் இசை, பிறகு புகார் எண், பிறகு அடுத்த வாரத்தில் ஒரு நாள், காலை எட்டுக்கும் பகல் ஒன்றுக்கும் இடையில் யாரேனும் வருவார் என்ற வாக்குறுதி. இங்கே அன்று மாலையே ஒருவர் வந்து நின்றார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெட்டி இணையத்தை என் ஃபயர்வாலுக்கு அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறை, விஎல்ஏஎன், பிபிபிஓஇ என்று நான் தயாரித்து வைத்திருந்த உரையை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், இந்தப் பெட்டியையே பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன?" என்றார்.

"சுவரைத் துளைக்கக் கூடாதே, தம்பி."

அவர் சுவரோரமாக நடந்தார். நாள்காட்டி மாட்டியிருந்த இடத்தில் நின்று அதைத் தூக்கினார். பழைய தொலைபேசிக் கம்பி போன ஓட்டை. மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு தட்டு தட்டியதும் திறந்துகொண்டது. "ஆமாம், அங்கே ஒன்று இருந்ததே" என்றார் அப்பா, ஐந்து நாள் கழித்து.

"கூடவே ஒரு லேன் கேபிளையும் இழுத்துவிடட்டுமா, சார்? பின்னால் உதவும்" என்று அந்த இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். எதற்காக வேண்டாம் என்றேன் என்பதை இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன்.

அரை மணியில் ஃபைபர் பின்னறைக்கு வந்தது, பெட்டி பிரிட்ஜ் முறைக்கு மாறியது, இணைப்புக்கான பயனர் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்ற சோதனை) போனது, பக்கம் திறக்கவில்லை. இது என் பிழை, ஒரு மணி நேரத்தில் பிடிபட்டது. மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்த விர்ட்ஐஓ நெட்வொர்க் அட்டை உண்மையான அட்டை அல்ல. பாக்கெட் சிதையவில்லை என்று காட்டும் செக்சம் எண்ணை வன்பொருள் நிரப்பிக்கொள்ளும் என்று நம்பி ஃபயர்வால் விட்டுவிட, நிரப்ப அங்கே யாரும் இல்லை. எதிர்முனை அந்த பாக்கெட்டைக் குப்பையில் போடுகிறது. பிங்கின் செக்சம் மென்பொருளிலேயே கணக்கிடப்படுவதால் அது மட்டும் தப்பித்துவிடும். ஹார்ட்வேர் செக்சம் ஆஃப்லோடை முடக்கு என்ற கட்டத்தில் ஒரு டிக். பிஎஃப்சென்ஸ் ஆவணத்திலேயே இருக்கிறது.

எல்லாம் ஓடியது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "முன்பு இங்கே நன்றாக வந்ததே" என்றார்.

உண்மைதான். வைஃபை இப்போது பின்னறையிலிருந்து வீசுகிறது. நடுவே இரண்டு கனத்த சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை முன்னறையை எட்டவே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று மூன்று சேனலையும் மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு கோடுதான். அக்சஸ் பாயிண்டை முன்னறைக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. அதற்கு ஒரு லேன் கேபிள் வேண்டும். மறுபடியும் அதே இளைஞரை அழைத்தேன். வந்தார், இழுத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

புறப்பட்ட நான்காம் நாள் அழைப்பு வந்தது: வைஃபை காட்டுகிறது, இணையம் இல்லை. வெளியூர் போகும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது அப்பாவின் பழக்கம். மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழும்படி நான் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பு) வைத்திருந்தேன். எழுந்தது. புரோக்ஸ்மாக்ஸும் எழுந்தது. ஃபயர்வால் இயந்திரம் எழவில்லை. கணினி எழும்போது இதையும் தொடங்கு என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. அங்கே கருவிகளுக்கு முகவரி வழங்குவதும் அந்த இயந்திரம்தான், ஊர்ப் பெட்டி என் வெளிநாட்டு வீட்டைத் தேடி வந்து இணையும் விபிஎன் சுரங்கப்பாதையும் அதற்குள்தான். ஆக நான் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே போக முடியாது. அப்பாவிடம் மானிட்டரும் இல்லை.

"அந்தத் தம்பியைக் கூப்பிட்டுவிட்டேன்" என்றார் அப்பா. பத்து நிமிடத்தில் அவர் பெட்டியைப் பழைய முறைக்கே மாற்றி, பழைய கொக்கியிலேயே மாட்டிவிட்டாராம்.

"உன் கறுப்புப் பெட்டியை அணைத்துவிடட்டுமா? விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது."