எம்.சி.ஆர். செருப்பு: களத்திலும் கொறங்காட்டிலும் நடக்கும் சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவு உதவும்?

காங்கேயத்தை அடுத்து தேங்காய் உலர்த்தும் களமும், கொறங்காடு எனப்படும் வேலியிட்ட மேய்ச்சல் நிலமும் வைத்திருக்கும் என் தந்தைக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு வாங்கிய எம்.சி.ஆர். செருப்பை, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்து அவர் அணிந்து வருகிறார். மருந்துக் கடை முதல் பேருந்து நிலையத்துச் செருப்புக் கடை வரை இந்தப் பெயரில் பலவும் விற்கப்படுவதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதுவரை இதை நம்பலாம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரைத்தான் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்கிறார்கள். பாதம் பதியும் மேல் அடுக்கு இந்த ரப்பராலும், தரையைத் தொடும் அடி அடுக்கு கெட்டியான ரப்பராலும் ஆனதே முறையான செருப்பு. மேல் அடுக்கின் கடினம் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவையில் 15 அளவில் இருப்பது வழக்கம். இந்தச் செருப்பு முதலில் சர்க்கரை நோயாளிகளுக்காக உருவானதன்று. நம் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கால் புண்களை ஆராய்ந்து, வலி தெரியாத காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணை உண்டாக்குகிறது என்று காட்டினார். அந்தப் பணியிலிருந்து வளர்ந்ததே இவ்வகைக் காலணி. பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அவர் பயன்படுத்தினார்.

சர்க்கரை நோயிலும் நடப்பது அதுதான். நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, கால் நரம்புகளைக் கெடுக்கிறது. உணர்ச்சி மங்குகிறது, பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்குவதால், விரல்களின் அடிப்பகுதியில் உள்ள எலும்பு முனைகள்மீது உடலின் பாரம் குவிகிறது, வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது. பாரம் குவியும் இடத்தில் தோல் காய்த்துத் தடிக்க, அந்தக் காய்ப்பே உள்ளிருக்கும் சதையை நசுக்க, மேலே ஒன்றும் தெரியாமலேயே அடியில் புண் உருவாகிவிடுகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அது ஆறுவது கடினம். மென்மையான மேல் அடுக்கு அந்தப் பாரத்தைப் பாதம் முழுவதற்கும் பரப்பிவிடுகிறது. இந்தச் செருப்பின் முதன்மையான பயன் இதுவே.

வாங்கும் முன் பாதத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, கண்களை மூடியிருக்கும் நோயாளி அதை உணர்கிறாரா என்று பார்க்கும் எளிய சோதனை அது. இழை பட்டதை என் தந்தை பல இடங்களில் உணரவில்லை. அப்படியிருந்தும் செருப்புக் கடையில், “வலியே இல்லீங்க தம்பி, எனக்கெதுக்குங்க இத்தனை விலையில செருப்பு?” என்றுதான் கேட்டார். வலி இல்லாததே ஆபத்து என்பதை அந்தக் கடைக்காரர் பொறுமையாக எடுத்துச் சொன்னதை நன்றியோடு நினைக்கிறேன்.

ஏனெனில் அதற்கு முன் நாங்கள் சென்ற வேறொரு கடையில் பாதத்தை அளக்கவே இல்லை. பஞ்சுபோன்ற நுரைச் செருப்பு ஒன்றை எடுத்து நீட்டி, சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்தது என்றார்கள். கட்டைவிரலால் அழுத்தியதும் அடிவரை பள்ளமாகி, விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. நல்ல எம்.சி.ஆர். அழுத்தினால் அமுங்கும், விட்டவுடன் எழும். மேலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விரலிடுக்கில் மாட்டும் வார் இருக்கக் கூடாது, அது உரசி விரலிடுக்கைப் புண்ணாக்கும். குதிகாலைச் சுற்றிய பின்வார் கட்டாயம் வேண்டும், உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு கழன்றால் அணிந்தவருக்கே தெரியாது. வார்கள் ஒட்டித் தளர்த்தக்கூடியவையாக இருந்தால் கால் வீங்கும்போது உதவும். ஆணி அடித்த செருப்பை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி அளவு பார்க்க வேண்டும். பாதத்தைவிட உள்நீளம் 1 முதல் 2 செ.மீ. வரை கூடுதலாக இருப்பது நல்லது.

எங்கள் ஊரில் இச்செருப்புக்கு உண்மையான சோதனை கொறங்காடுதான். கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் நிறைந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகளோடு நடப்பவருக்கு மென்மை மட்டும் இருந்து பயனில்லை. அடி அடுக்கு முள்ளைத் தடுக்க வேண்டும். எங்கள் செருப்பின் அடியில் முட்கள் பல முறை தைத்திருக்கின்றன, ஆனால் எதுவும் மேல் அடுக்கைத் துளைத்து வரவில்லை. இருந்தாலும் அணியும் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறோம். தேங்காய்க் களத்தில் இதன் பயன் இன்னும் பெரியது. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு தேங்காய்ப் பருப்பைக் கிளறிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். உணர்ச்சியற்ற கால் அந்தச் சூட்டில் கொப்புளித்தாலும் ஆளுக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. சேற்றில் நடந்தால் வாருக்கும் பாதத்துக்கும் இடையே மண் சேர்ந்து உரசுகிறது. நனைந்தால் காய நேரமாகிறது. திறந்த செருப்பாதலால், பக்கவாட்டில் கீறும் முள்ளுக்குப் பாதுகாப்பில்லை. புதிதாக வாங்கியவுடன் நாள் முழுவதும் அணியக் கூடாது. முதலில் ஓரிரு மணி நேரம் அணிந்து, கழற்றிச் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பார்த்தே நேரத்தைக் கூட்ட வேண்டும். இதைப் பெரும்பாலான கடைகளில் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருவதே வழக்கம். ஆனால் முதியவர் நடக்கும் நடையில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான். ஆகவே வீட்டுக்கென்று தனியாக இன்னொரு ஜோடி வாங்கினோம். உறவினர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பின்னர் பழகிவிட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடப்பதும், பண்ணாரியில் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதும் நம்மவர் நேர்த்திக்கடன்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அவற்றை வேறு நேர்த்தியாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இச்செருப்பு புண் வராமல் காக்க உதவும். வந்த புண்ணை ஆற்றாது. உள்ளங்காலில் புண் திறந்துவிட்டால், அந்த இடத்தில் பாரமே விழாதபடி மாவுக்கட்டுப் போன்ற தனி ஏற்பாடு தேவைப்படும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். காலாணியைப் பிளேடால் சீவுவதும், அமிலம் கலந்த ஆணி பிளாஸ்டரை ஒட்டுவதும் கூடவே கூடாது.

நாங்கள் வாங்கிய ஜோடியின் விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மேல் அடுக்கு தினசரி நடையில் அமுங்கிப்போகும் என்பதால், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். அந்த அடுக்கை மட்டும் மாற்றித் தரும் கடையில் வாங்கினால் செலவு குறையும். பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.