பழைய எம்டிபி பார்க்கப் போனால் இஞ்ச் டேப் எடுத்துட்டுப் போங்க

போன மாசம் கோயம்புத்தூரில் ஒருத்தரிடம் செகண்ட் ஹேண்ட் எம்டிபி, அதாவது மவுன்டன் பைக் சைக்கிள் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். கியர், டிஸ்க் பிரேக், ஃபோர்க் எதிலும் குறை இல்லை. பிரேம்தான் எனக்கு ஆகாதது.

என் உயரம் 5 அடி 5 அங்குலம். சைஸ் என்னவென்று கேட்டதற்கு டயரைத் தடவிக் காட்டினார். "27.5 போட்டிருக்கு பாருங்க, மீடியம் ஆளுக்குத்தானுங்க." நானும் தலையாட்டினேன். அது சக்கரத்தின் அளவு! அதே சக்கரம் 15 இஞ்ச் பிரேமிலும் வரும், 19-லும் வரும். பிரேம் சைஸ் என்பது பெடல் கைகள் இரண்டும் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி செருகும் சீட் டியூபின் மேல் விளிம்பு வரை. பெரும்பாலும் அந்த டியூபிலேயே ஸ்டிக்கர் இருக்கும். இதில் அந்த இடத்தை பிளேடால் சுரண்டியிருந்தது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன்.

ஏறிப் பார்க்கச் சொன்ன இடம் இன்னும் கெட்டிக்காரத்தனம். சீட்டை அடிவரை இறக்கி, வண்டியைப் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தியிருந்தார். நான் கால் ஊன்றியது ரோட்டில் இல்லை, பிளாட்பார மேட்டில்.

முதல் ஞாயிறே மருதமலை ரோட்டோர ஜல்லியில் சட்டென்று பிரேக் பிடித்து இறங்கினேன். சீட்டுக்கு முன்னால் இருக்கும் குறுக்குப் பார் எங்கே இடித்தது என்று எழுத வேண்டியதில்லை. நிற்கும்போது பாருக்கு மேலே இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்கணும். எனக்கு ஒரு விரல்கூட நுழையாது. ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளியதில் முட்டி வலி. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 90 மி.மீ.-லிருந்து 60-க்கு மாற்றியதில் தோள்வலி குறைந்தது. குறுக்குப் பார் இறங்குமா?

அப்புறம்தான் அம்மாவின் தையல் டேப்பை எடுத்தேன். பிரேம் 19. செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, கவட்டையில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இடுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் 75 செ.மீ. அதை 0.226-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 17 இஞ்ச். தோராயக் கணக்குதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் இரண்டு இஞ்ச் கூடுதல் ரொம்ப அதிகம்.

விற்றவருக்குப் போன் போட்டேன். "சீட்டை இறக்கிக்கிட்டா ஆச்சுங்களே" என்றார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போது நானே விற்கிறேன். விளம்பரத்தின் முதல் வரியே 19 இஞ்ச். நேற்று வந்த பையன் என் உயரம்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீட்டை இறக்கிட்டா சரியாயிருங்களாண்ணா?" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.