மிளகாய்ச் செடி: வருஷாவருஷம் விதைப்பதா, வெட்டிவிட்டுத் தொடர்வதா?

உறைபனி விழும் ஊர்களில் குளிரே மிளகாய்ச் செடியை முடித்துவிடும். சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. நம்மூர் மாடியில் அது 2, 3 வருஷம் தாராளமாக நிற்கும். ஆனால் நிற்கிறது என்பதற்காகவே வைத்திருக்க வேண்டியதில்லை.

பழைய செடிக்குச் சாதகம், முந்திக் காய்ப்பது. ஆடி பிறந்ததும் கவாத்து செய்தால் (கிளைகளை வெட்டிவிட்டால்) பத்துப் பதினைந்து நாளில் துளிர்த்து, புரட்டாசியில் காய் பறிக்கலாம். அதே ஆடியில் விதைத்தால் நாற்று 35 முதல் 40 நாள், நட்டபின் பூக்க இன்னொரு 40 நாள். பூவும் பிஞ்சும் ஐப்பசி அடைமழையில் மாட்டி உதிரும், காய் அழுகும். புதிதாக விதைப்பவர்கள் ஆனியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

கவாத்தில் பலர் கோட்டை விடுவது தண்ணீரில். தண்டு கவையாகப் பிரியும் இடத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு, கணுவுக்குச் சற்று மேலே சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். நாலைந்து நல்ல இலையாவது மிஞ்ச வேண்டும். மேல்மண் 5 செ.மீ. எடுத்துவிட்டு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். இலை குறைந்த செடி குறைவாகத்தான் குடிக்கும். வழக்கம்போல் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

வெட்டுமுன் இலையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பூச்சி. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய 1 மி.லி. சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் கட்டுப்படுத்தலாம். இலை சிறுத்து, வெளிறி, கணுக்கள் நெருங்கி முடிச்சுப்போல் ஆகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ். துளிரும் அப்படியேதான் வரும். கவாத்து வீண்; பிடுங்கிவிடுங்கள்.

புது விதைப்புக்குச் சாதகம் மண். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் செடி வளரும் பையின் மண்மேல் வெள்ளைப் படலம் கட்டும், இலைநுனி கருகும். வருஷம் ஒருமுறை மண்ணை மாற்றினால் அந்த உப்பும் போய்விடும். பழைய மண்ணில் மறுபடி மிளகாய், கத்தரி, தக்காளி வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோய் தொடரும். அதில் கீரை போடுங்கள்.

ரகத்துக்கு ரகம் கணக்கு மாறும். காந்தாரியைப் பிடுங்குவது அநியாயம். 20 லிட்டர் பையில் வருஷக்கணக்கில் காய்க்கும். குடைமிளகாய் நேர் எதிர்: புரட்டாசியில் விதைத்து, நாற்றை மழைபடாமல் காத்து, வெயில் ஏறுமுன் பறித்து முடித்துவிட வேண்டும். 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், மேயில் அதைக் காப்பாற்ற நிழல்வலைக்குச் செலவழிப்பது தண்டம். சம்பா, குண்டு ரகங்களில் கத்திரி வெயிலைத் தாண்டியும் இலை சுத்தமாக இருக்கும் செடிகளை மட்டும் வெட்டி வையுங்கள். மற்றவற்றின் இடத்துக்கு ஆனி நாற்று தயாராக இருக்கட்டும்.